ஜெயன்ட் ரோபோ கடைசியில் ஜானியின் பேச்சை மீறியதா?

2023 மார்ச் 4

வாசகர் ஒருவரின் கேள்வி: "எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஆங்கிலத்தில் ஓடிய ஜெயன்ட் ரோபோ தொடர் பலருக்கு நினைவிருக்கும். கடைசிப் பகுதியில் ஜானி திரும்பி வரச் சொல்லிக் கத்தியும் கேட்காமல் ரோபோ போய்விட்டது என்று நான் சொல்கிறேன். ஜானி அனுப்பித்தான் அது போனது என்கிறான் என் அண்ணன். யார் சொல்வது சரி?"

நீங்கள் சொல்வதுதான் சரி. ரோபோவுக்குக் கட்டளையிடும் சிறுவன் ஜானி அதை அனுப்பவில்லை.

கடைசிப் பகுதியில் வில்லன் கூட்டத்தின் தலைவனான கில்லட்டின் பேரரசன் கடலுக்கடியில் கிடந்த தன் விண்கலத்தை விட்டு வெளியே வந்து ராட்சத உருவெடுத்து நிற்கிறான். அவன் உடல் முழுக்க அணு ஆற்றல். அவன்மீது ஓர் ஏவுகணை பாய்ந்தால் பூமியே அழிந்துவிடும். அதைச் சொல்லித்தான் மிரட்டுகிறான். ரோபோவின் விரல் ஏவுகணைகள், வாயிலிருந்து பாயும் நெருப்பு, அந்தப் புகழ்பெற்ற குத்து, எதையும் பயன்படுத்த வழியில்லை. அப்போதுதான் யாரும் கட்டளையிடாமல் ரோபோ அவனைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மேலே பறக்கிறது. ஜானி கைக்கடிகாரத்தில் கூப்பிடுகிறான், கெஞ்சுகிறான், அழுகிறான். ரோபோ திரும்பவில்லை. விண்வெளியில் ஒரு விண்கல்லோடு மோதி இருவரும் முடிந்துபோகிறார்கள்.

குழந்தைகளுக்கான தொடரை இப்படி முடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

2023 மார்ச் 4, இரவு

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். இது ஜப்பானியத் தொடர். டோயி நிறுவனம் எடுத்தது. இன்றைக்கு டிவி அசாஹி என்று அழைக்கப்படும் அலைவரிசையில் 1967 அக்டோபர் முதல் 1968 ஏப்ரல் வரை 26 பகுதிகளாக வந்தது. மூலக்கதை மிட்சுதெரு யோகோயாமாவின் சித்திரக்கதை. 1969-இல் அமெரிக்காவில் ஆங்கிலக் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். நாம் பார்த்தது அந்த ஆங்கில வடிவத்தை. ஜப்பானிய மூலத்தில் பையனின் பெயர் தாய்சாகு குசாமா; ஆங்கிலத்தில் ஜானி சோக்கோ. அவனோடு சுற்றும், யூனிகார்ன் என்ற பாதுகாப்பு அமைப்பின் உளவாளி மூலத்தில் ஜூரோ மினாமி. நமக்கு ஜெர்ரி மானோ. வில்லன் கூட்டம் அங்கே பிக் ஃபயர். நமக்குக் கார்காயில் கும்பல்.

கதைத் தொடக்கம் எளிமையானது. கப்பலில் போகும் சிறுவனும் உளவாளியும் டிராக்கலான் என்ற கடல் அரக்கனின் தாக்குதலில் சிக்கி ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். அங்கே கார்காயில் கும்பல் ஒரு விஞ்ஞானியைச் சிறைவைத்து ராட்சத ரோபோ ஒன்றைச் செய்யவைத்துக்கொண்டிருக்கிறது. அதன் கட்டுப்பாட்டுக் கடிகாரத்தில் முதலில் யார் குரல் பதிவாகிறதோ அவருக்கு மட்டுமே ரோபோ பணியும். சிறுவன் விளையாட்டாகப் பேசிவிடுகிறான். அவ்வளவுதான், 30 மீட்டர் உயர இயந்திரம் பத்து வயதுப் பையனுக்குச் சொந்தமாகிவிடுகிறது.

2023 மார்ச் 5

"ஆங்கிலம் தெரியாத வயதில் என்ன புரிந்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எல்லாம் புரிந்தது. நான் வளர்ந்தது பெரம்பூரில். எங்கள் வரிசையில் தொலைக்காட்சி இருந்தது ஒரு மாமி வீட்டில் மட்டும். மரக்கதவு வைத்த சாலிடேர் பெட்டி. நிகழ்ச்சி தொடங்கும்போது மாமிதான் கதவைத் திறப்பார், வேறு யாரும் தொடக்கூடாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தரையில் நெருக்கியடித்து உட்காருவோம். இந்தி நிகழ்ச்சி என்றால் பெரியவர்களில் யாராவது ஒருவர் அரைகுறையாக அர்த்தம் சொல்வார். ஜெயன்ட் ரோபோவுக்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. பையன் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோகிறான், ஏதோ சொல்கிறான், அடுத்த நொடி வானத்தில் ரோபோ. இதற்கு எதற்கு அகராதி?

மறுநாள் தெருவில் எல்லாப் பையன்களின் மணிக்கட்டிலும் பால்பாயின்ட் பேனாவால் வரைந்த கடிகாரம் இருக்கும். ஆங்கிலமே வராத வாயில் கட்டளைகள் மட்டும் சுத்தமாக வந்தன. ரோபோவாக நடிக்க யாரும் முன்வர மாட்டார்கள், எல்லோருக்கும் ஜானியாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் உயரமான ஒரு பையனைக் கட்டாயப்படுத்தி ரோபோ ஆக்குவோம். அவன் பாவம், கைகளை மேலே தூக்கிக்கொண்டே தெரு முனை வரை ஓடிவிட்டு வருவான்.

வீட்டில் எல்லோருடைய கட்டளைக்கும் பணிய வேண்டியிருந்த வயது அது. ஒரே ஒருவர், அதுவும் அவ்வளவு பெரியவர், நம் பேச்சைக் கேட்கிறார் என்றால் எப்படி இருக்கும்? தொடரின் ஈர்ப்பு முழுக்க அங்கேதான் இருந்தது. அரக்கர்கள் அதற்குப் பிறகுதான்.

2023 மார்ச் 9

மேலே ஒருவர், "ரப்பர் உடை மாட்டிய ஆட்கள் அட்டைக் கட்டடங்களை மிதிக்கும் தொடருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? அல்ட்ராமேனின் மலிவுப் பதிப்பு அது" என்று எழுதியிருக்கிறார். இதை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

முதலில் அல்ட்ராமேன். அது 1966 ஜூலையில் தொடங்கியது, சுபுராயா நிறுவனத்தின் படைப்பு, 39 பகுதிகள். அது வந்து பெரிய வெற்றி பெற்றதால்தான் டோயி போன்றவர்கள் ராட்சத நாயகர்களைத் தேடிப் போனார்கள் என்பதை மறுக்க முடியாது. பணமும் டோயிக்குக் குறைவுதான். ஒரு பகுதியில் பார்த்த அரக்கன் சில வாரம் கழித்து மறுபடி தலைகாட்டும். அதற்காக நகல் என்று சொல்லிவிட முடியுமா? அல்ட்ராமேன் கதையில் வளர்ந்த மனிதர் ஒருவர், பயிற்சி பெற்ற வீரர், தானே ராட்சதனாக மாறிச் சண்டை போடுகிறார். ஜெயன்ட் ரோபோவில் பையன் பையனாகவே இருக்கிறான். அவன் கீழே நிற்க வேண்டும், மேலே பார்க்க வேண்டும், கத்த வேண்டும். சண்டைக்கும் அவனுக்கும் நடுவே அந்தத் தூரம் எப்போதும் உண்டு. கடைசிப் பகுதியில் நம்மைத் தாக்குவது அந்தத் தூரம்தான். அல்ட்ராமேனில் அப்படி ஒரு காட்சியை எடுக்கவே முடியாது.

இனி ரப்பர் உடை. அதற்குள் ஆள் இருக்கிறார் என்பது பத்து வயதில் எங்களுக்கும் தெரியும். முழங்கால் மடங்கும் இடத்தில் சுருக்கம் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் கைதட்டினோம். உடைக்குள் ஆளை வைத்து எடுக்கும் இந்த முறையை நிலைநிறுத்தியது 1954-இல் வந்த காட்சில்லா. சிறப்புக் காட்சிகளை இயக்கியவர் எய்ஜி சுபுராயா. உடைக்குள் இருந்தவர் ஹாருவோ நாகாஜிமா. முதலில் செய்த உடை ஏறக்குறைய 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே முடியாது என்பதால் வேறொன்று செய்தார்கள். நாகாஜிமா டோக்கியோவின் உவேனோ விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படி நடக்கின்றன என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவர். 1972 வரை 12 படங்களில் அவரே காட்சில்லா.

கேமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓடவிட்டு எடுப்பார்கள். திரையில் போடும்போது அசைவு மெதுவாகத் தெரியும், அதனால் எடை வந்துவிடும். அதாவது நடிப்பவர் இயல்பைவிட வேகமாக நடிக்க வேண்டும், அந்தக் கனத்தையும் சூட்டையும் வைத்துக்கொண்டு. அரங்கின் விளக்குகள் கொதிக்கும். கண்துளை வழியே பாதிதான் தெரியும். பக்கத்தில் வெடி வைப்பார்கள். மினியேச்சர் கட்டடம் ஒருமுறை உடைந்தால் மறுபடி கட்ட நாள்கணக்காகும், ஆகையால் தவறவே கூடாது. இதையெல்லாம் செய்தவரின் முகம் ஒரு நொடிகூடத் திரையில் வராது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த உடைச் சுருக்கம் குறையாகத் தெரிவதே இல்லை.

2023 மார்ச் 10

ஒரு சேர்க்கை. நாகாஜிமா தன் நேர்காணல்களில் உடையிலிருந்து வியர்வையைப் பிழிந்து எடுத்த கதையைச் சொல்லியிருக்கிறார். அவர் 2017-இல் காலமானார்.

2023 மார்ச் 11

பவர் ரேஞ்சர்ஸ் பார்த்து வளர்ந்த தம்பி ஒருவர் அதற்கும் ஜெயன்ட் ரோபோவுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார். நேரடியாக இல்லை, ஆனால் ஒரே வீடு. டோயி 1971-இல் காமென் ரைடர் என்ற முகமூடி நாயகன் தொடரை எடுத்தது. 1978-இல் ஸ்பைடர்மேனின் ஜப்பானிய வடிவம் ஒன்றை எடுத்தபோது அவருக்கு ஒரு ராட்சத ரோபோவைக் கொடுத்தார்கள். அது பிடித்துப்போய் 1979 முதல் தங்கள் ஐவர் குழுத் தொடர்களிலும் ராட்சத ரோபோவைச் சேர்த்தார்கள். அந்தக் காட்சிகளை வாங்கி அமெரிக்க நடிகர்களோடு ஒட்டியதுதான் 1993-இல் வந்த பவர் ரேஞ்சர்ஸ். நீங்கள் பார்த்த சண்டைகளும் உடைக்குள் வியர்த்த ஜப்பானியக் கலைஞர்களுடையவைதான்.

2023 மார்ச் 18

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். "மீறியது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டாலும் ஏன் யோகோயாமாவின் கதையில் இந்த மீறல் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான்.

ஜெயன்ட் ரோபோவுக்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1956-இல், யோகோயாமா தெட்சுஜின் 28 என்ற சித்திரக்கதையைத் தொடங்கினார். அதிலும் ஒரு ராட்சத ரோபோ, ஒரு சிறுவன். போரின் கடைசிக் காலத்தில் ஜப்பானிய ராணுவத்துக்காக ரகசியமாகச் செய்யப்பட்ட ஆயுதம் அது. ரிமோட் பெட்டியால் இயங்கும். பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதைச் செய்யும். சிறுவன் ஷோதாரோ வைத்திருந்தால் நகரைக் காக்கும். திருடன் கையில் சிக்கினால் அதே நகரை இடிக்கும். அதற்கு நல்லது கெட்டது எதுவும் கிடையாது. பெட்டிக்காக நடக்கும் துரத்தல்தான் கதையின் பெரும்பகுதி.

யோகோயாமா 1934-இல் கோபே நகரில் பிறந்தவர். அமெரிக்க விமானங்கள் குண்டு வீசி அந்த நகரை எரித்தபோது அவருக்குப் பத்து, பதினோரு வயது. ஆயுதத்துக்கு மனசாட்சி இல்லை, யார் கை விசையில் இருக்கிறது என்பதுதான் எல்லாம் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை.

பிறகு 1967-இல் இதே கேள்வியை மறுபடி எடுக்கிறார். இந்த முறை பெட்டிக்குப் பதில் குரல். திருடிக்கொண்டு போக முடியாத பூட்டு. ஆனால் பூட்டு போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுகிறதா? கார்காயில் கும்பல் ரோபோவை விட்டுவிட்டு இப்போது பையனைத் துரத்துகிறது. கடத்துகிறது, மிரட்டுகிறது, கடிகாரத்தைப் பறிக்கப் பார்க்கிறது. கட்டளைக்குப் பணியும் ஆயுதம் இருக்கும்வரை, கட்டளையிடுபவரை வளைக்க ஒருவன் வந்துகொண்டேதான் இருப்பான். அப்படியானால் இந்தக் கணக்கு எங்கே முடியும்? ஆயுதம் ஒருநாள் கட்டளையை மறுக்கும் இடத்தில்தான் முடியும். கடைசிப் பகுதி அந்த இடத்துக்குத்தான் வந்து சேருகிறது.

ஆகையால் அண்ணனிடம் சொல்லுங்கள்: ஜானி அனுப்பி ரோபோ போயிருந்தால் அது இன்னொரு கட்டளை. தொடர் வழக்கமான இன்னொரு சண்டையோடு முடிந்திருக்கும்.

2023 மார்ச் 19

நேற்று எழுதியதைப் படுக்கும்போது நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

ரோபோ எப்படி இயங்கத் தொடங்குகிறது? விஞ்ஞானி அந்தத் தளத்தில் அணுகுண்டு ஒன்றை வைக்கிறார். தீவே வெடிக்கிறது. அந்த வெடிப்பின் ஆற்றலை உள்வாங்கித்தான் ரோபோ எழுந்து நிற்கிறது. கடைசியில் எப்படி முடிகிறது? அணு ஆற்றலே உடலான ஒருவனைப் பூமியை விட்டுத் தூக்கிக்கொண்டு போய் முடிகிறது. குண்டிலிருந்து வந்தது, குண்டை எடுத்துக்கொண்டு போனது. ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் 22 ஆண்டு கழித்து, அந்த நாட்டின் குழந்தைகளுக்காக எடுத்த தொடர் இது. அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் போரைக் கண்ணால் பார்த்தவர்கள். அரங்கில் வேலை செய்தவர்களில் பெரியவர்களும் அப்படித்தான்.

எங்களுக்குப் பெரம்பூரில் இது எதுவும் தெரியாது. தெரியாமலே அன்று மாமி வீட்டில் எவரும் பேசவில்லை. வழக்கமாக முடிந்த அடுத்த நொடி தெருவுக்கு ஓடும் கூட்டம் எழுந்திருக்கவே இல்லை, மாமிதான் பெட்டியை அணைத்துவிட்டு எங்களை அனுப்பினார்.

2023 ஏப்ரல் 2

விடுமுறை தொடங்கியதால் என் மகளுக்கு முதல் பகுதியைப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு ஒன்பது வயது.

ரோபோவை அவளுக்குப் பிடித்தது. முகத்தைப் பார்த்ததும் "எகிப்து ராஜா மாதிரி இருக்கிறார்" என்றாள். உண்மைதான், அந்தத் தலையணி பாரோ மன்னர்களின் சிலையில் இருப்பது. வாய் அசையாத, சிரிக்காத, கோபிக்காத முகம். நாம் அன்று அதில் ஆயிரம் உணர்ச்சிகளைப் பார்த்தோம்.

ஆனால் துப்பாக்கி விஷயத்தில் அவள் நின்றுவிட்டாள். "இந்தப் பையன் ஏன் ஆட்களைச் சுடுகிறான்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. ஜானி பத்து வயதில் யூனிகார்னில் சேர்ந்து யூ7 என்ற எண் வாங்கிக் கைத்துப்பாக்கியோடு அலைகிறான். கும்பலின் ஆட்கள் கூட்டம் கூட்டமாக விழுகிறார்கள். அன்று இதையெல்லாம் நான் கவனித்ததாக நினைவே இல்லை. ராணுவச் சீருடையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டவர்கள் விழுவார்கள், எழுந்திருக்க மாட்டார்கள், காட்சி மாறிவிடும். என் கண்ணெல்லாம் ரோபோ எப்போது வரும் என்பதில் இருந்தது.

குழந்தைகளுக்கான தொடர் என்பதால் இதை மன்னித்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதனாலேயே கேட்க வேண்டிய கேள்வி அது. அவள் கேட்டாள்.

2023 ஏப்ரல் 3

நேற்றுக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் ஏன் காட்டினீர்கள்?" என்கிறார்.

நான் ரசித்த பொருளை அவளோடு பகிர வேண்டும் என்பதால்தான். அவள் அதைத் தன் கண்ணால் பார்த்துத் தன் கேள்வியைக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சியே. இரண்டாம் பகுதியையும் அவளே போடச் சொன்னாள், அந்த உருண்டோடும் ராட்சதக் கோளம் வரும் பகுதி. அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்கள் அன்று அதைப் பார்த்துப் பயந்தோம். இரண்டும் நல்ல வரவேற்புதான்.

2023 ஏப்ரல் 3, மாலை

வில்லன்களைப் பற்றி யாரும் எழுதாமல் இருப்பது நியாயமே இல்லை. வெள்ளி முகத்தோடு வரும் டாக்டர் பொட்டானஸை எப்படி மறந்தீர்கள்? அரக்கர்களைவிட எனக்கு அவர்மேல்தான் பயம். அரக்கன் தொலைவில் மலைகளுக்கு நடுவே நிற்பான். இவர் அறைக்குள் வந்துவிடுவார். ஒரு பெரிய கண்ணே அரக்கனாக வந்த பகுதியையும் யாராவது நினைவுபடுத்துங்கள். அதைப் பார்த்த இரவு என் தங்கை விளக்கை அணைக்க விடவில்லை.

கில்லட்டினைப் பொறுத்தவரை, அவன் உட்கார்ந்த இடத்தில் இருந்தே கத்திக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் பிடித்தது. கடைசிவரை நேரில் வராமல் ஆட்களையும் அரக்கர்களையும் அனுப்பிக்கொண்டே இருந்தவன், தானே இறங்கும்போது பயம் பல மடங்காகிறது. திரைக்கதைக்காரர்கள் அவனைக் கடைசிவரை சேமித்து வைத்தது நல்ல கணக்கு.

2023 ஏப்ரல் 16

அண்ணன் சார்பில் மறுப்பு வந்திருக்கிறது. "ரோபோவுக்குக் கொடுக்கப்பட்ட நிரந்தரக் கட்டளை ஜானியைக் காப்பதுதானே? அதைத்தான் நிறைவேற்றியது. ஆகவே மீறவில்லை" என்கிறார். யோசிக்க வைக்கும் வாதம். இரண்டு நாளாக இதை மனதில் போட்டுப் பார்க்கிறேன்.

அப்படி ஒரு நிரந்தரக் கட்டளை தொடரில் சொல்லப்படுவதாக நான் நினைக்கவில்லை. ரோபோவின் விதி ஒன்றே ஒன்று: பதிவான குரல் சொல்வதைச் செய். அந்தக் குரல் திரும்பி வரச் சொல்கிறது. ரோபோ வரவில்லை. இதற்கு மேல் சட்ட நுணுக்கம் தேவையில்லை.

ஆனால் எதிர்ப்பக்கம் பேசும் பலர், "ரோபோவுக்கு இதயம் வந்துவிட்டது, அன்பு வந்துவிட்டது" என்று எழுதுவதோடும் நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. தொடர் அதை விளக்குவதே இல்லை. ரோபோ பேசாது, முகம் மாறாது, ஒரு வார்த்தை விடைபெறாது. ஏன் போனது என்பதற்கு நமக்கு எந்த விளக்கமும் கிடைப்பதில்லை, ஜானிக்கும் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் இசையோடு ஒரு வசனத்தைச் சேர்த்து "நான் உன்னை நேசித்தேன்" என்று சொல்லவைத்திருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும். உடைக்குள் இருந்த அந்த முகம் தெரியாத கலைஞர் முதுகைக் காட்டிக்கொண்டு மேலே போகிறார். எனக்கு அது போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

அண்ணனின் குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கலாம். 1970-இல் சில பகுதிகளை வெட்டி ஒட்டி ஒரு முழுநீளப் படமாக அமெரிக்காவில் வெளியிட்டார்கள். முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் அதில் அடக்கம். நடுவில் வரும் பழக்கமெல்லாம் போய்விட்டதால், ரோபோவும் பையனும் நேற்றுச் சந்தித்து இன்று பிரிவதுபோல் ஆகிவிடுகிறது. அதை மட்டும் பார்த்தவருக்கு மீறல் மீறலாகவே உறைக்காது.

2023 மே 7

ஜானியாக நடித்தவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மிட்சுநோபு கானெகோ. இதற்கு முன்பே 1966-இல் டோயி எடுத்த அகுமா-குன் தொடரில் சிறுவன் வேடத்தில் முக்கியப் பாத்திரம் செய்தவர். ஆகவே புதுமுகம் கிடையாது. கடைசிப் பகுதியில் அவர் அழுவதைப் பார்த்தால் அனுபவம் தெரியும். கேமராவை நோக்கி அழாமல் வானத்தை நோக்கி அழுகிறார். அங்கே ரோபோ எதுவும் பறந்திருக்காது, வெறும் வானம்தான். பத்து வயதில் வெறும் வானத்தைப் பார்த்து அப்படிக் கூப்பிட முடிந்தது பெரிய விஷயம். அவர் 1997-இல் காலமானார்.

நாம் கேட்ட ஆங்கிலக் குரல் அவருடையது அல்ல, பாபி பையர்ஸ் என்ற பெண்மணியுடையது. ஆக, நம் நினைவில் இருக்கும் ஜானி இரண்டு பேர் சேர்ந்து செய்தவர். ரோபோவும் அப்படித்தான்: ஒருவர் உடல், இன்னொருவர் வடிவமைப்பு, வேறு யாரோ மினியேச்சரில் கம்பி கட்டிப் பறக்கவிட்டவர். ஜப்பானிய மூலத்துக்கு இசையமைத்தவர் தாகேவோ யமாஷிதா. முடிந்தால் மூலத்தின் தொடக்கப் பாடலை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், நடை போடவைக்கும்.

2023 மே 8

கோபே போகும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு: 1995 நிலநடுக்கத்தில் கடுமையாகச் சேதமடைந்த நாகாதா பகுதியில் 2009-இல் தெட்சுஜின் 28-க்கு 18 மீட்டர் உயரச் சிலை வைத்திருக்கிறார்கள். யோகோயாமா 2004-இல் தீவிபத்தில் இறந்துவிட்டார், சிலையைப் பார்க்கவில்லை. ஜெயன்ட் ரோபோவுக்கு அப்படி ஒரு சிலை வேண்டும் என்பது என் ஆசை.

2023 மே 28

"26 பகுதிகளும் பார்க்க நேரமில்லை, எதைப் பார்க்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு. அந்த ஒட்டுப்படத்தைத் தொடாதீர்கள். முதல் பகுதியை முழுதாகப் பாருங்கள். பிறகு நடுவிலிருந்து ஐந்தாறு பகுதிகள், எவையானாலும் சரி. சண்டை சலித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜானி கட்டளையிடுவதும் ரோபோ பணிவதும் நமக்குப் பழகிப்போக வேண்டும், அதற்குத்தான் அந்தப் பகுதிகள். பிறகு கடைசிப் பகுதி. 1990-களில் யாசுஹிரோ இமாகாவா இயக்கிய அசைவூட்ட வடிவம் மிக அழகானது, ஆனால் அது யோகோயாமாவின் எல்லாக் கதைமாந்தரையும் ஒரே மேடையில் ஏற்றும் வேறொரு படைப்பு. அதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால் துப்பாக்கிக் காட்சிகளைத் தாண்டி ஓட்டாதீர்கள். நிறுத்திவிட்டு அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். என் மகள் இப்போது பதினொன்றாம் பகுதியில் இருக்கிறாள், முடிவைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேள்வி கேட்டவரின் அண்ணனும் மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று செய்தி வந்திருக்கிறது. அவர் முடித்ததும் எழுதட்டும். அதன் பிறகும் ஜானிதான் அனுப்பினான் என்றால், எந்தக் காட்சியில் என்று நிமிடத்தோடு குறிப்பிட வேண்டும்.